முன்பாரமா, பின்பாரமா? – டிரெய்லர் வாங்கின கதை

டிரெய்லர்னதும் ஏதோ புதுப்பட டிரெய்லர்னு நினைச்சு வந்தவங்க மன்னிச்சுக்கோங்க. இது காருக்குப் பின்னாடி மாட்டி இழுக்கற, பலகைத் தளம் போட்ட, ரெண்டு சக்கர டிரெய்லர். அதை வாங்க நான் ஏழு மாசம் அலைஞ்ச கதை. நடுவுல ஒரு நாள் குடும்பத்தோட போய்ச் சேர்ந்திருப்போம். அதையும் சொல்லிடறேன்.

2021 கோடையில பழைய போலாரிஸ் ஆர்இசட்ஆர் எக்ஸ்பி 1000 ஒண்ணு வாங்கினேன். தெரியாதவங்களுக்கு: ரெண்டு பேர் பக்கத்து பக்கத்துல உக்கார்ற, ஸ்டீயரிங், சீட் பெல்ட், தலைக்கு மேல இரும்புக் கூண்டு எல்லாம் வெச்ச மணல் வண்டி. சைட் பை சைட்னு சொல்லுவாங்க. 64 அங்குல அகலம், 119 அங்குல நீளம், பெட்ரோல் ஊத்தாம கிட்டத்தட்ட 1370 பவுண்டு. வித்தவரே வீட்டு வாசல்ல கொண்டுவந்து இறக்கிட்டுப் போயிட்டார். அப்புறம்தான் உறைச்சுது. இதை ஹைவேயில ஓட்ட முடியாது. நாங்க இருக்கறது டெட்ராய்ட் பக்கம். மணல் மேடு இருக்கற சில்வர் லேக் மிச்சிகன் மாநிலத்தோட அந்தக் கோடியில, ஏரிக்கரை ஓரமா, கிட்டத்தட்ட நாலு மணி நேரத் தூரத்துல. யானையை வாங்கியாச்சு, அங்குசத்துக்கு எங்க போறது?

ஆபீஸ் நண்பர் ஒருத்தர் (வெள்ளைக்காரர், ஊர்ப்பக்கம் நிலம் வெச்சிருக்கறவர்) தன்னோட 12 அடி டிரெய்லரைத் தர்றேன்னார். செப்டம்பர்ல லேபர் டே விடுமுறைக்குக் கிளம்பினோம். நான், தங்கமணி, ரெண்டு வாண்டுங்க. முந்தின நாள் சாயங்காலம் அவரே வந்து ஏத்திக் கொடுத்தார். வண்டியை ரிவர்ஸ்ல ஏத்தினார். நான் "இவ்ளோ பெரிய ஆளு, நேரா ஏத்தத் தெரியாதா"ன்னு மனசுக்குள்ள சிரிச்சேன். போறப்ப ஒரு பிரச்சனையும் இல்லை. பின்னாடி டிரெய்லர் இருக்கறதே மறந்துபோச்சு.

மணல் மேட்டு அனுபவத்தைத் தனியாவே எழுதணும். கொடி கட்டின குச்சியை வண்டியில மாட்டிக்கிட்டு, டயர்ல பாதிக் காத்தை இறக்கிட்டு, அந்த மேட்டு உச்சியில நின்னு கீழ நீலமா ஏரியைப் பார்க்கறப்ப சின்னவ கத்தின கத்து இன்னும் காதுல இருக்கு. அதுக்காகத்தான் இத்தனை பாடும்.

திரும்பறப்ப மழை வர்ற மாதிரி இருந்துச்சு. எல்லாருக்கும் அசதி. நான் வண்டியை நேரா, மூக்கு முன்னால இருக்கற மாதிரி ஏத்தினேன், அதுதானே சுலபம். டிரெய்லர் முன்பக்கம் நண்பரோட இரும்பு டூல் பாக்ஸ் ஒண்ணு போல்ட் போட்டு இருக்கும். அதுல இடிக்காம ஒரு முழம் பின்னாடியே நிறுத்தினேன். ஈரக் கூடாரம், ஐஸ் பெட்டி, மிச்ச விறகு, பெட்ரோல் கேன் எல்லாத்தையும் மணல் வண்டியோட பின் தொட்டியிலயே அடுக்கிக் கட்டினேன். கார் சுத்தமா இருக்கும்ல!

யுஎஸ் 31ல தெக்கே வர்றோம். மான்டேக் தாண்டி இருக்கும். 68, 70 மைல் வேகம். ஒரு பெரிய லாரி எங்களை ஓவர்டேக் பண்ணிச்சு. அது கிளப்பின காத்து டிரெய்லரை லேசா ஒரு தட்டு தட்டுச்சு. அவ்ளோதான். டிரெய்லர் இடதுபக்கம் போச்சு, வலதுபக்கம் போச்சு, மறுபடி இன்னும் கொஞ்சம் அதிகமா இடது. நாய் வாலை ஆட்டும்னு கேட்டிருக்கோம், அன்னிக்கு வால் நாயை ஆட்டிச்சு. காரோட பின்பக்கத்தையே தூக்கித் தூக்கிப் போடுது. நான் செஞ்ச முதல் வேலை பிரேக்கை மிதிச்சது. ஆட்டம் ரெட்டிப்பாச்சு. அப்புறம் பயத்துலயோ என்னவோ பிரேக்கில இருந்து காலை எடுத்துட்டேன், ஆக்ஸிலரேட்டரையும் தொடலை, ஸ்டீயரிங்கை இறுக்கமா நேரா மட்டும் பிடிச்சுக்கிட்டேன். கார் தானா வேகம் குறைஞ்சு 45க்கு வந்தப்ப ஆட்டம் நின்னுச்சு. நான் தெரிஞ்சு செய்யலை, ஆனா அதுதான் சரியான வழியாம். பிரேக்கும் போடக்கூடாது, வேகமும் கூட்டக்கூடாது, ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பிச் சமாளிக்கவும் பார்க்கக்கூடாது.

அடுத்த எக்ஸிட்ல இறங்கி ஒரு பெட்ரோல் பங்க்ல நிறுத்தினேன். கை நடுங்குது. தங்கமணி ஒண்ணும் பேசலை. பின் சீட்டுக் கதவைத் திறந்து ரெண்டு பிள்ளைங்களையும் இறக்கி, கடைக்குள்ள கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சா. திரும்பி வந்து ஒரே வார்த்தை. "வித்துடுங்க."

மிச்சத் தூரத்தை 50 மைல் வேகத்துல, வலது ஓரமா, எல்லார்கிட்டயும் ஹார்ன் வாங்கிக்கிட்டு ஓட்டிட்டு வந்தேன். அவ பின் சீட்ல பிள்ளைங்களுக்கு நடுவுல உக்காந்து வந்தா.

இங்க ஒரு சின்ன கொசுவத்தி. அந்த ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட போன்ல பேசறப்ப வாய் தவறி இதைச் சொல்லிட்டேன். அப்பா தேனிப் பக்கம் விவசாயம். சின்ன வயசுல தாத்தாவோட பாரவண்டியில நெல்லு மூட்டை ஏத்திக்கிட்டு மில்லுக்குப் போனவர். கார் என்ன கார், எத்தனை மைல் வேகம், எதுவும் கேக்கலை. "பாரம் எங்கனய்யா ஏத்துன? முன்பாரமா, பின்பாரமா?"ன்னார்.

எனக்குப் பேச்சு வரலை. பின்னாடிதான்னு சொன்னேன்.

"கிறுக்குப்பயலே, பின்பாரம் வெச்சா ஏர்க்காலு மேல தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டுக் கழுத்த இறுக்கிப்புடும். மாடு எங்கிட்டு நடக்கும்? அதுக்காக ஒரேயடியா முன்பாரமும் வெக்கக் கூடாது, கழுத்துல புண்ணு விழுந்துரும். மாடு பூட்டுறதுக்கு முந்தி நுகத்தடியக் கையில தூக்கிப் பாத்தாத் தெரியும்ல, பாரம் எங்கன இருக்குன்னு!"

அன்னிக்கு ராத்திரி உக்காந்து படிச்சுப் பார்த்தா, இங்கிலீஷ்ல டங் வெயிட்னு பக்கம் பக்கமா எழுதி வெச்சிருக்கறது முழுக்க அப்பா சொன்னதுதான். டிரெய்லரோட மூக்கு காரோட பந்து மேல எவ்வளவு எடையை அழுத்துதோ அதுதான் முன்பாரம். மொத்த எடையில பத்துல இருந்து பதினைஞ்சு சதவீதம் அங்க வரணும். குறைஞ்சா வால் ஆடும். ரொம்பக் கூடினா காரோட பின்பக்கம் அமுங்கி முன் சக்கரத்துக்குப் பிடிப்பு குறையும். எங்க ஆர்இசட்ஆருக்கு எஞ்சின் சீட்டுக்குப் பின்னாடி. நண்பர் ஏன் ரிவர்ஸ்ல ஏத்தினார்னு அப்பதான் விளங்குச்சு. கனமான பக்கத்தை அச்சுக்கு முன்னாடி கொண்டு வந்திருக்கார். நான் அதைத் திருப்பி வெச்சு, போதாததுக்கு ஐஸ் பெட்டியையும் விறகையும் அச்சுக்குப் பின்னாடி ஏத்தியிருக்கேன். சிரிச்சது யாரைப் பார்த்து?

தங்கமணிகிட்ட இதை பேப்பர்ல படம் போட்டு விளக்கினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அப்ப தப்பு டிரெய்லர் மேல இல்லை, உங்க மேல"ன்னா. ஆமான்னேன். "சரி, சொந்தமா வாங்கறதா இருந்தா வாங்குங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் அந்த முன்பாரத்தை நான் அளந்து பார்த்துட்டுத்தான் பிள்ளைங்க கார்ல ஏறும்." இதைவிட நியாயமான கண்டிஷன் யாரும் போட முடியாது.

அதுக்கப்புறம் டிரெய்லர் தேடறது வேற மாதிரி ஆயிடுச்சு. முன்னாடி நான் பார்த்தது விலை, பெயின்ட், பக்கத்துல கம்பி அழகா இருக்கா இது மட்டும்தான்.

முதல்ல போனது வீட்டுச் சாமான் விக்கற ஒரு பெரிய கடை. வாசல்ல வரிசையா 5க்கு 8 அடி டிரெய்லர் நிக்கும், விலையும் கையைக் கடிக்காது. புல்வெட்டி, மரக்கிளை, பழைய சோபா ஏத்த அருமையான டிரெய்லர். ஆனா 5 அடின்னா 60 அங்குலம், நம்ம வண்டி 64. டேப் எடுத்துட்டுப் போகாம போயிருந்தா அன்னிக்கே வாங்கியிருப்பேன். சத்தியமா.

அடுத்து 6க்கு 10 அடி. அகலம் சரி. நீளம் 120 அங்குலம், வண்டி 119. "பாருங்க சார், அளவெடுத்துத் தெச்ச சட்டை மாதிரி"ன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். அங்கதான் அப்பாவோட கேள்வி திரும்ப வந்துச்சு. வண்டி முன்னாலயும் பின்னாலயும் இடிச்சுக்கிட்டு நின்னா, அதை நகர்த்தி முன்பாரத்தைச் சரிபண்ண இடம் எங்க? அது உக்கார்ற இடத்துல உக்காரும், பாரம் எவ்வளவு வருதோ அவ்வளவுதான். 12 அடி இருந்தா 25 அங்குலம் மிச்சம். அதுக்குள்ள முன்ன பின்ன நகர்த்தலாம். டிரெய்லர்ல காலியா கிடக்கற இடம் வீண் இல்லைங்கறது எனக்குப் புதுசு.

சரி 12 அடின்னு முடிவாச்சு. பழசு ஒண்ணு விளம்பரத்துல பார்த்து ஒரு மணி நேரம் ஓட்டிட்டுப் போனேன். பாதி விலை. பெயின்ட் புதுசா மினுமினுன்னு அடிச்சிருந்தார். இதுக்குள்ள நானும் கொஞ்சம் விவரமாயிட்டேனே, டயர் பக்கவாட்டுல குனிஞ்சு பார்த்தேன். டாட்னு போட்டு கடைசியில நாலு எண் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 3511ன்னு இருந்துச்சு. அதாவது 2011ல 35வது வாரம் செஞ்ச டயர், பத்து வயசு. பூ பூவா வெடிச்சிருந்துச்சு. டிரெய்லர் டயர் தேஞ்சு சாகறதைவிட வெயில்ல நின்னே வயசாகி சாகறதுதான் அதிகம். சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினேன், கடகடன்னுச்சு, பேரிங் போயிருக்கு. இதெல்லாம்கூட மாத்திக்கலாம். ஆனா எண் பொறிச்ச தகடு இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு ரிவெட் ஓட்டை மட்டும் இருந்துச்சு. கேட்டதுக்கு "பெயின்ட் அடிக்கறப்ப எங்கயோ போயிடுச்சு"ன்னார். நான் அங்கயே கும்பிடு போட்டுட்டேன். தகடு இல்லைன்னா அது எவ்வளவு தாங்கும்னு தெரியாது, யாரோடதுன்னும் தெரியாது.

கடைசியா ஒரு டீலர். அங்க விக்கற பையன் நல்லவன்தான், ஆனா 14 அடி, ரெண்டு அச்சு டிரெய்லரையே திரும்பத் திரும்பக் காட்டினான். 7000 பவுண்டு தாங்கும், நாளைக்கே நாலு சீட் வண்டி வாங்கினா உதவும், ஹைவேயில ஆடாம போகும். சொன்னது எதுவும் பொய்யில்லை. ஆனா காலியாவே அது 1900 பவுண்டுக்கு மேல. எங்க ஹைலேண்டர் வி6 இழுக்கறது 5000 வரைக்கும், முன்பாரம் 500 வரைக்கும். கணக்குக்குள்ள வந்தாலும், அதுல எலக்ட்ரிக் பிரேக் இருக்கு, அதை இயக்க கார்ல கண்ட்ரோலர் மாட்டணும், நாலு முள் பிளக்கை ஏழு முள்ளா மாத்தணும். எல்லாத்துக்கும் மேல, எங்க குடியிருப்புச் சங்கம் வாசல்ல டிரெய்லர் நிக்கக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நிக்குது. கராஜுக்குள்ள போகணும்.

இங்க ஒண்ணு சொல்லணும். 5000 இழுக்கும்னு போட்டிருக்கறதை மட்டும் பார்த்து ஏமாந்துடாதீங்க. டிரைவர் கதவைத் திறந்தா ஓரத்துல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆளும் சாமானும் சேர்த்து இவ்வளவுக்கு மேல கூடாதுன்னு. எங்களுக்கு 1200க்குக் கொஞ்சம் மேல. முன்பாரம் முழுக்க இந்தக் கணக்குலதான் ஏறும். நாலு பேரு, டிக்கி நிறைய சாமான், அது மேல 300 பவுண்டு முன்பாரம்னு கூட்டினா 1000 கிட்ட வந்துடுது. நான் இதை பாத்ததே கிடையாது. ஏழு வருஷமா அந்தக் கதவைத் திறந்து மூடறேன்.

கடைசியில வாங்கினது 77 அங்குல அகலம், 12 அடி நீளம், ஒரே அச்சு. காலி எடை 1050. மொத்த வரம்பு 2990ன்னு போட்டிருக்கும். அதென்ன 2990, கூட ஒரு பத்து போட்டு 3000னு வெச்சா என்னன்னு கேட்டேன். பல மாநிலங்கள்ல 3000 பவுண்டு தாண்டினா டிரெய்லருக்குத் தனி பிரேக் வேணும்னு சட்டம், அதனால அதுக்குக் கீழ நிறுத்தி முத்திரை குத்திடறாங்க. 1050 கழிச்சா 1940 பவுண்டு ஏத்தலாம். நம்ம வண்டி பெட்ரோல், ஸ்டெப்னி, வின்ச் எல்லாம் சேர்த்து 1520. கையில நானூறு பவுண்டு மிச்சம். எனக்கு அந்த மிச்சம் பிடிச்சிருந்துச்சு. 2022 ஏப்ரல்ல வரி, பிளேட் எல்லாம் சேர்த்து 3000 டாலருக்குக் கொஞ்சம் கீழ. மிச்சிகன்ல ஒரு புண்ணியம், டிரெய்லர் பிளேட்டுக்கு ஒரு தடவை கட்டினா போதும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டாம்.

கராஜ் கதவு 108 அங்குலம், டிரெய்லர் மட்கார்டோட சேர்த்து 98. ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு அங்குலம். முதல் நாள் ரிவர்ஸ்ல உள்ள விட முக்கால் மணி நேரம் ஆச்சு. பக்கத்து வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உக்காந்து பார்த்தார் :-) அப்புறம் அவரே எழுந்து வந்து ஒரு வித்தை சொன்னார்: ஸ்டீயரிங்கோட அடிப்பக்கத்தைப் பிடி, டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்து. இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?

மத்த விஷயங்களை வேகமா சொல்லிடறேன். டயர்ல எஸ்டின்னு போட்டிருக்கணும், அது டிரெய்லருக்குன்னே செஞ்சது. எங்களோடது 15 அங்குல லோட் ரேஞ்ச் சி. குளிர்ந்திருக்கறப்ப 50 பிஎஸ்ஐ காத்து, அப்பதான் ஒவ்வொண்ணும் 1820 பவுண்டு தாங்கும். வேகம் 65 மைலுக்கு மேல கிடையாது, நான் 60லயே போறேன். பந்து 2 அங்குலம், கப்ளர்லயும் அதே அளவு பொறிச்சிருக்கணும். சின்னப் பந்துலயும் ஏதோ உக்கார்ற மாதிரிதான் இருக்கும், முதல் குழியில கழண்டுக்கும். செயின் ரெண்டையும் கீழ குறுக்கா மாட்டணும். கழண்டாலும் மூக்கு தரையில இடிக்காம அந்தத் தொட்டில்ல விழும். புது டிரெய்லர்ல சக்கர நட்டை முதல் பத்து, இருபத்தஞ்சு, அம்பது மைல்ல திரும்ப முடுக்கணும். ஏறுபலகைக் கதவுக்கு ஸ்பிரிங் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா வீட்டம்மா தூக்க முடியாது, அப்புறம் எல்லா வேலையும் நம்ம தலையில.

வண்டியைக் கட்டறதுல ரெண்டு கட்சி. சேசிஸைக் கட்டி சஸ்பென்ஷனை அமுக்கறவங்க, சக்கரத்தைக் கட்டறவங்க. நான் சக்கரக் கட்சி. குழியில விழறப்ப வண்டி அதோட சஸ்பென்ஷன்ல தன்பாட்டுக்கு ஆடிக்கட்டும், பட்டை தளராது. நாலு ராட்செட் பட்டை. பட்டையில பெருசா போட்டிருக்கறது அது அறுந்துபோற எடை. நம்பி வேலை வாங்கற எடை அதுல மூணுல ஒரு பங்குதான், சின்ன எழுத்துல இருக்கும்.

முன்பாரத்தை அளக்கத் தனித் தராசு விக்கறாங்க. நாங்க பாத்ரூம் தராசையே வெச்சு சமாளிக்கறோம். ஆனா அது 300 பவுண்டு வரைக்கும்தான், நேரா வெச்சா எகிறிடும். அதனால ஒரு கனமான பலகை. ஒரு முனைக்குக் கீழ இரும்புக் குழாய். குழாய்ல இருந்து சரியா ஓரடியில டிரெய்லர் மூக்கு பலகை மேல உக்காரும். அங்கேருந்து இன்னும் ரெண்டடி தள்ளி தராசு. தராசு காட்டறதை மூணால பெருக்கினா முன்பாரம். டிரெய்லர் மட்டமா நிக்கணும், சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை வெக்கணும், காலைக் கீழ நீட்டக் கூடாது. கார்ல மாட்டறதுக்கு முன்னாடி செய்யணும், தாத்தா மாடு பூட்டறதுக்கு முன்னாடி செஞ்ச மாதிரியே.

மே மாசம் முதல் பயணம். சாமானோட சேர்த்து மொத்தம் 2690 பவுண்டுன்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தேன். அப்படின்னா முன்பாரம் 269ல இருந்து 400க்குள்ள இருக்கணும். வண்டியை ரிவர்ஸ்ல ஏத்தினேன். தங்கமணி குனிஞ்சு தராசைப் பார்த்தா. "74."

மூணால பெருக்கினா 222. ஒண்ணும் சொல்லாம நிமிர்ந்து பார்த்தா. பட்டையை அவுத்துக் கொஞ்சம் முன்னாடி நகர்த்தினேன். 87. இன்னும் கொஞ்சம். 92. ஐஸ் பெட்டியை எடுத்து முன் கம்பி ஓரமா வெச்சுக் கட்டினேன். "99." மனசுக்குள்ள பெருக்கிப் பார்த்தா போல. காருக்குப் போய்ப் பின் கதவைத் திறந்து, "ஏறுங்கடா"ன்னா.

யுஎஸ் 31ல மான்டேக் பக்கம் போறப்ப ஒரு லாரி வந்துச்சு. நான் கண்ணாடியில அதைப் பார்த்துட்டே இருந்தேன். அவ என் கையைப் பார்த்துட்டு இருந்தா. லாரி தாண்டிப் போச்சு. டிரெய்லர் லேசா ஒரு தடவை தோளைக் குலுக்கிட்டு நேரா வந்துச்சு. பின்னாடி ரெண்டும் தூங்கிட்டிருந்துச்சுங்க.

சில்வர் லேக் போய்ச் சேர்ந்ததும் அப்பாவுக்கு போன் போட்டேன். அங்க ராத்திரி ஆயிடுச்சு, ஆனா முழிச்சுத்தான் இருந்தார். 297ன்னு சொன்னேன். அது என்ன கணக்குன்னு கேட்டார். விளக்கினேன். "பாத்ரூம் தராசுலயா?"ன்னு சிரிச்சார். அப்புறம் மழை பெய்யுதான்னு கேட்டார்.

டிரெய்லருக்கு ஸ்டெப்னி வாங்கி வெச்சு ரெண்டு சீசன் ஆச்சு, அதை மாட்டற பிராக்கெட் இன்னும் வாங்கலை. ஒவ்வொரு தடவையும் கார் டிக்கியிலதான் போகுது. அந்த எடையையும் கதவு ஸ்டிக்கர் கணக்குல சேர்த்துக்கறேன்.